பாட்டு ஓடுது, நாம கேட்கிறோமா?



எங்க செவிலிமேட்டுல செவ்வாய்க்கிழமை காலையில பல வீட்டுல கந்த சஷ்டி கவசம் ஓடும். நம்மள்ல பாதி பேர் அப்ப ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கோம்.

இதே காஞ்சிபுரத்துல 1919-ல் பிறந்த டி.கே.பட்டம்மாள், சின்ன வயசுல கச்சேரியை உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்து சகோதரர்களோட சேர்ந்து கீர்த்தனைகளைக் குறிச்சு வெச்சாங்க. ரீப்ளே கிடையாது. காதைக் கொடுத்தாதான் பாட்டு வீடு வரும்.

வேலை செய்யும்போது பாட்டு ஓடுறது தப்பில்ல. ஆனா கவசம் ஒரு வேண்டுதல். தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு உறுப்பா சொல்லி, வேல் காக்கணும்னு கேட்கிறோம். அந்த வேண்டுதலை நமக்குப் பதிலா போன் செய்ய முடியுமா?

வர்ற செவ்வாய், போனைக் கவிழ்த்து வெச்சுட்டு ஒரு தடவை முழுசா கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!