நீ யாருடைய ஆள்?

ரோமர் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை ஜெபத்தோடு வாசியுங்கள்.

நம்முடைய சபைகளில் சாட்சி நேரம் வந்தால் விடுதலையைப் பற்றிய சாட்சிகளுக்குக் குறைவே இல்லை. குடியிலிருந்து விடுதலை, புகையிலையிலிருந்து விடுதலை, சூதாட்டத்திலிருந்து விடுதலை. கர்த்தருக்கே மகிமை! ஆனால் எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு எழுந்து நின்ற சகோதரன், ஆறு மாதம் கழித்துப் பழைய இடத்திலேயே நிற்கிறதையும் நாம் பார்க்கிறோம். "நானும் விட்டுடணும்னுதான் பாக்குறேன் பாஸ்டர், முடியலையே!" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பெற்ற விடுதலையும் பொய் அல்ல. அப்படியானால் இடையில் என்னதான் நடந்தது?

நம்முடைய பக்கத்துக் காரியம் ஒன்றைச் சொல்லுகிறேன். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் கொத்தடிமைகளாய் இருந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நீங்கள் பேப்பரில் வாசித்திருப்பீர்கள். அந்தக் குடும்பங்களை யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை. முதலில் கையில் வந்தது அட்வான்ஸ். மகள் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கின பணம். அதற்காகப் புருஷன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் கல் அறுக்கிறார்கள். கணக்கு நோட்டு முதலாளி கையில். எத்தனை ஆயிரம் கல் அறுத்தாலும் கடன் மட்டும் தீருகிறதே இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஆளை மட்டும் விடுவிக்கவில்லை, கடனையும் ரத்து பண்ணிவிட்டது. ரத்தான கடனுக்கு முதலாளி ஒரு ரூபாய் வாங்கினாலும் அது குற்றம். அதிகாரி விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அந்தக் காகிதம் கையில் இருக்கும்போது, "வாடா வேலைக்கு" என்று கூப்பிட முதலாளிக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஆனாலும் விடுதலையானவர்களில் சிலர் மறுபடியும் ஒரு அட்வான்ஸ் வாங்கிச் சூளைக்குத் திரும்புகிறதுண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வயிறு பசிக்கிறது, போக வேறே இடம் இல்லை, வேலை கொடுக்க வேறே ஆள் இல்லை. பழைய இடத்தை விட்டு வந்தாயிற்று, புது இடமோ அமையவில்லை. அங்கேதான் சிக்கல்.

பிரியமானவர்களே, நம்முடைய ஆவிக்குரிய ஜீவியத்திலும் சிக்கல் அங்கேதான்.

வேதத்திலே இஸ்ரவேலர் எகிப்தில் என்ன வேலை செய்தார்கள்? அவர்களும் செங்கல் அறுத்தவர்கள்தான்! வைக்கோல் கொடுக்காமல், கணக்கில் ஒரு கல்லும் குறையக்கூடாது என்று பார்வோன் உபத்திரவப்படுத்தினான் (யாத்திராகமம் 5). அவர்களை விடச் சொல்லிக் கர்த்தர் மோசேயை அனுப்பினார். "என் ஜனங்களைப் போகவிடு" என்கிற பாதியை எல்லாரும் மனப்பாடமாய்ச் சொல்லுவோம். மீதிப் பாதி என்ன? தமக்கு ஆராதனை செய்யும்படியாகப் போகவிடச் சொன்னார். 7-ம் அதிகாரம் தொடங்கி 10-ம் அதிகாரம் வரைக்கும் திரும்பத் திரும்ப அதே வார்த்தை வருகிறதைக் கவனியுங்கள். எகிப்தைவிட்டு வருவது பாதி விடுதலை. சீனாய் மலையடிவாரத்தில் நின்று, "கர்த்தர் சொன்னபடி செய்வோம்" என்கிறது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியை விட்டுவிட்டவர்களுக்கு என்ன நடந்தது? வனாந்தரத்தில் நின்றுகொண்டு வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11). முதுகில் விழுந்த சவுக்கடி மறந்துபோயிற்று, நாக்கில் பட்ட ருசி மறக்கவில்லை. சரீரம் எகிப்துக்கு வெளியே, இருதயமோ எகிப்துக்கு உள்ளே!

இப்போது ரோமர் 6-க்கு வாருங்கள். இந்த நிருபம் சுமார் கி.பி. 57-ல் எழுதப்பட்டது. ரோமாபுரியில் அடிமைகள் திரளாய் இருந்த காலம். 16-ம் அதிகாரத்தில் அரிஸ்தொபூலுவின் வீட்டார், நர்கீசுவின் வீட்டார் என்று பவுல் வாழ்த்துகிறாரே, அவர்களில் அடிமைகள் இருந்திருப்பார்கள் என்பது வேத பண்டிதர் அநேகருடைய கருத்து. அப்படிப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது பவுல் என்ன சொல்லுகிறார்? நீங்கள் பாவத்தினின்று விடுதலையாகி, நீதிக்கு அடிமைகளானீர்கள் என்கிறார். "விடுதலை ஆயாச்சு, இனிமே நான் யாருக்கும் ஆள் இல்ல" என்கிற இடம் ஒன்று அந்த அதிகாரத்தில் கிடையவே கிடையாது. எதற்குக் கீழ்ப்படிகிறாயோ அதற்கே நீ அடிமை. மரணத்துக்கேதுவான பாவம் ஒரு பக்கம், நீதிக்கேதுவான கீழ்ப்படிதல் மறு பக்கம். நடுவில் திண்ணை போட்டு உட்கார இடம் இல்லை.

"அப்படின்னா ஒரு அடிமைத்தனத்தை விட்டு இன்னொரு அடிமைத்தனமா?" என்று வாலிபத் தம்பிமார் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு எஜமான்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பாவமும் முதலில் அட்வான்ஸ் கொடுத்துத்தான் ஆள் பிடிக்கிறது. கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் லாபம், கொஞ்சம் பெருமை. அப்புறம் ஜீவியகாலம் முழுவதும் வேலை வாங்கும். கடைசியில் அது கொடுக்கிற கூலி மரணம் என்று அந்த அதிகாரத்தின் முடிவில் பவுல் கணக்கைப் பைசல் பண்ணிக் காட்டுகிறார். நம்முடைய ஆண்டவரோ நம் கையில் கடனை வைக்கவில்லை. நம்முடைய கடனைத் தாமே சிலுவையில் செலுத்தினார். அவர் கொடுக்கிற நித்திய ஜீவன் கூலியும் அல்ல, கிருபையாய்க் கிடைத்த வரம். அதுமட்டுமா? அடிமையைப் பிள்ளையாக்கி, "அப்பா, பிதாவே" என்று கூப்பிடப் பண்ணுகிற ஆவியைத் தருகிறார் (ரோமர் 8). முதலாளிக்குப் பயந்து செய்கிற வேலை வேறு. அப்பா சொன்னார் என்று ஓடிப்போய்ச் செய்கிறது வேறு. அல்லேலூயா!

ஆகையால் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, கணக்கு தீர்ந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாம் பாவத்துக்கு மரித்தவர்கள் என்று எண்ணிக்கொள்ளும்படி வசனம் சொல்லுகிறது. பிசாசு வந்து பழைய நோட்டைப் பிரித்து, "உன் பேர்ல பாக்கி இருக்கே" என்பான். "அந்தக் கணக்கு கல்வாரியில் ரத்தாயிற்று" என்று சொல்லுங்கள். ரத்தான கடனுக்கு ஒரு நாள் வேலைகூடச் செய்து கொடுக்காதேயுங்கள்.

இரண்டாவது, அவயவங்களை ஒப்புக்கொடுங்கள். நம்முடைய அவயவங்களைப் பவுல் ஆயுதங்கள் என்கிறார். ஆயுதம் சும்மா கிடந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஒயின் ஷாப் பக்கம் போன கால், இனிமேல் அந்த நேரத்தில் எங்கே போகப்போகிறது? புறணி பேசின நாக்கு, இனிமேல் எதைப் பேசப்போகிறது? பதில் இல்லாவிட்டால் பழைய முதலாளி கூப்பிட்டுக்கொள்வான். அசுத்த ஆவி போன வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டிருந்தும், வெறுமையாய் இருந்தபடியால் வேறே ஏழு ஆவிகள் உள்ளே வந்ததை ஆண்டவர் சொன்னாரே (மத்தேயு 12). வீடு சுத்தமாய் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே வீட்டுக்காரர் குடியிருக்க வேண்டும். பரிசுத்த ஆவியானவருக்கு எல்லா அறையையும் திறந்து கொடுங்கள்.

மூன்றாவது, கீழ்ப்படிதலை இன்றைக்கே செயலில் காட்டுங்கள். சகேயு, "ஆண்டவரே, நான் மனந்திரும்பிவிட்டேன்" என்று சாட்சி சொன்னதோடு உட்காரவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அந்நிய பாஷை பேசுகிற வாயால், கூடப்பிறந்த தம்பியோடு நாலு வருஷமாய்ப் பேசாமல் இருக்கிறீர்களா? சீட்டுப் பணம் பாக்கி வைத்துவிட்டு, அந்தத் தெருவழியே வராமல் சுற்றிப் போகிறீர்களா? கடையில் எடைக்கல் சரியாய் இருக்கிறதா? உங்களிடத்தில் வேலை செய்கிறவனுக்குக் கூலி சரியாய்ப் போகிறதா? பாவத்திலிருந்து விடுதலையானேன் என்கிற விசுவாசி, தன் தோட்டத்திலோ பட்டறையிலோ இன்னொரு மனுஷனைக் கடனைக் காட்டிக் கட்டி வைத்திருப்பானானால், அவன் இன்னும் பார்வோனுடைய ஆள்தான்!

சபையாருக்கும் ஒரு வார்த்தை. புதிதாய் விடுதலையான ஒருவரை ஞாயிற்றுக்கிழமை கைதட்டி வரவேற்றுவிட்டு, திங்கள் முதல் சனி வரைக்கும் தனியே விட்டுவிட்டால், அவர் போக வேறே இடம் எது? அவருடைய சாயங்கால நேரம் உங்கள் வீட்டு ஜெபத்தில் கழியட்டும். ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள். சாப்பாட்டில் ஒரு பங்கு வையுங்கள். "வாங்கண்ணே, சேர்ந்து ஜெபிக்கலாம்" என்று தினமும் கூப்பிடுகிற ஒரு குரல் இருந்தால், பழைய முதலாளியின் குரல் தானே மங்கிப்போகும்.

தேவ பிள்ளையே, விடுதலைச் சான்றிதழ் உன் கையில் இருக்கிறது. அதில் ஆட்டுக்குட்டியானவரின் இரத்தத்தால் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனாலும் நாளை காலை கண் விழிக்கும்போது ஒரு கேள்வி உன் முன்னால் வந்து நிற்கும்: நீ யாருடைய ஆள்? வாயினால் மட்டும் அல்ல, அன்றைய நாளின் முதல் கீழ்ப்படிதலினால் பதில் சொல்.

ஜெபிப்போம்: அன்பின் ஆண்டவரே, எங்களைப் பாவத்திலிருந்து விடுவித்த கிருபைக்காக ஸ்தோத்திரம். திரும்பிப் பார்க்கிற இருதயத்தை எங்களைவிட்டு எடுத்துப்போடும். எங்கள் கண்களை, கைகளை, நாவை, சம்பாத்தியத்தை உமக்கே ஒப்புக்கொடுக்கிறோம். உம்முடைய ஆவியினால் நிரப்பி, பிள்ளைகளைப்போல் சந்தோஷமாய்க் கீழ்ப்படியப் பண்ணும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென், அல்லேலூயா!