இறங்கினானா, இறக்கினார்களா?

"அவனாத்தான் எறங்குனான். நாங்க யாரும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல."

மலக்குழியில் ஒருத்தன் செத்துப்போனால் முதலில் கிளம்பிவரும் பேச்சு இது. வீட்டுக்காரர் சொல்கிறார், லாட்ஜ் முதலாளி சொல்கிறார், காண்ட்ராக்டர் சொல்கிறார். சில நேரம் விசாரிக்க வந்த போலீஸ்காரரே நமக்கு எடுத்துச் சொல்கிறார். கூலி பேசினான், ஒத்துக்கொண்டான், இறங்கினான், செத்தான். இதில் எங்க தப்பு என்ன என்கிறார்கள். இவர்களில் சிலர் நிசமாகவே விளங்காமல்தான் கேட்கிறார்கள். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது தன்வினை, பிறவினைப் பாடம். இறங்கினான் என்றால் தன்வினை. இறக்கினான் என்றால் பிறவினை. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினால் போதும், செய்தவன் வேறு ஆளாகிவிடுகிறான். பத்திரிகைக்காரர்கள் இதற்கும் ஒருபடி மேலே. 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று போடுகிறார்கள். தாக்கியது வாயு. வாயு மேல் எந்த ஸ்டேஷனில் கேஸ் கொடுப்பது?

2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் செத்தார்கள். இப்படிப்பட்ட சாவுகள் பல நேரம் ரெண்டு மூன்றாகவே விழுகின்றன. குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போச்சு என்று நினைக்கிற நேரத்தில் ஆள் சாய்ந்துவிடுவான். அவனைத் தூக்க அடுத்தவன் குதிப்பான். அந்த ரெண்டாவது ஆள் யாரிடம் கூலி பேசினான்? எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டான்? முதல் ஆளுக்குக்கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டா சம்மதம் கேட்டார்கள்?

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் ஒருமுறை விவரம் கேட்டார். "தம்பி, நான் பணம் குடுத்தது லாரிக்காரனுக்கு. அவன் யாரை எறக்குனா எனக்கென்ன?" 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவைச் சொன்னேன். தனி ஆளோ, உள்ளாட்சியோ, ஏஜென்சியோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை இந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது அது. மறைமுகம் என்ற சொல்லுக்குள் லாட்ஜும் வரும், சொந்த வீடும் வரும். யாரும் சாக வேண்டியதுகூட இல்லை, இறக்கினதே குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஜாமீனில் விடமுடியாத குற்றம்.

"அப்ப 'என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன்'னு எழுதி வாங்கிட்டா?" என்றார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படியே, சட்டம் தடுத்த காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாதுண்ணே, ஆளை இறக்கினது நீங்கதான் என்று அதுவே சாட்சி சொல்லும் என்றேன். லாரிக் குழாயால் மேலே இருந்தே உறிஞ்சு, ஒரு ஆளும் உள்ளே போகக் கூடாது என்று லாரிக்காரனிடம் சொல்வதற்கு அவருக்கு நாலு வார்த்தைதான் செலவாகும். கடைசியில், "உங்க தெருவுல ஒருத்தரைக் கேட்டுப் பாருங்களேன், ரெண்டு மடங்கு கூலி தர்றேன்னு" என்றேன். சிரித்தார். கோபமில்லை, வேடிக்கையாகத்தான் பட்டது அவருக்கு.

அந்தச் சிரிப்பில்தான் விசயம் இருக்கிறது. சம்மதம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் சங்கதி. இந்தச் சம்மதம் மட்டும் எப்படிப் பெரும்பாலும் அருந்ததியர் குடியிருப்பிலேயே விளைகிறது? மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கிராமங்களிலும் இப்போது காரைவீடு, செப்டிக் டேங்கு. டேங்கு நிறைந்தால் ஆள் தேடி எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்று யாரும் வழிகேட்பதில்லை. அப்பன் குப்பை அள்ளினான் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தனிடம் மட்டும் போய்க் கேட்கிற கேள்விக்கு அவன் சொல்லும் 'சரி'யை எப்படி அவன் முடிவு என்பது?

1947இல் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோதே இதைத் தொட்டிருக்கிறார். வேலையில்லாதவன் முன்னால் ஒரு வேலையையும் அவனுடைய உரிமையையும் வைத்தால் எதை விடுவான் என்பது அவர் கேள்வி. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், பசியும் வறுமையும் ஒருவனை வேறு வழியில்லாமல் ஆக்குவதும் கட்டாயம்தான் என்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதை 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பில் சேர்த்தது. கழுத்தப் புடிச்சுத் தள்ளலை என்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்ட வேண்டும்.

2013 சட்டத்தையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. பாதுகாப்புக் கவசமும் கருவியும் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை எடுக்காமல் செய்யவைத்தால்தான் அதன் விளக்கத்தில் அது 'அபாயகரமான' வேலை. ஆக, கையுறை கொடுத்தோம், பூட்ஸ் கொடுத்தோம், அவன்தான் போடலை என்று வாதாட ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பழி மறுபடி செத்தவன் மேலேயே. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். தேதி பார்ப்பதில் மட்டும் நம்ம அரசுகள் தவறுவதே இல்லை.

அப்புறம் பணம். சாவுக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. கேட்டு வாங்க வேண்டிய பணம்தான், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் பிணவறை வாசலில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்கள் இதைக் காட்டி, "காசு வருதுல்ல, கேஸ் எதுக்கு?" என்கிறார்கள். இழப்பீடு வேறு, குற்ற வழக்கு வேறு. ஒன்றை வாங்கினால் மற்றதை விட வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஸ்டேஷனில் கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். உடன் போகும் தோழர்கள், இன்ன இடத்தில் இன்னார் கூப்பிட்டு இன்னார் மூலமாக இறக்கினார் என்று புகாரில் எழுதவையுங்கள். காண்ட்ராக்டர் பெயரோடு கட்டட உரிமையாளர் பெயரும் வேண்டும். 7, 9 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். செத்தவர் பட்டியல் சாதி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேளுங்கள். 2015 திருத்தத்தில், கையால் மலம் அள்ளவைப்பது அதிலும் குற்றமாகச் சேர்ந்திருக்கிறது. புகாரின் நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.