இரண்டாம் இரவு

முதுமையில் ஒருவர் கடல் கடந்து செல்லும்போது அப்பயணத்தின் நோக்கத்தை ஒரு சொல்லிற் கூறிவிடுதல் அரிது. நியூயோர்க் நகரில் வாழும் யூத முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர்தம் மகள் எருசலேமிற் குடியேறி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வாழ்கின்றாள். பாஸ்காத் திருநாளையொட்டி அவர் அங்குச் செல்கின்றார். பேரப்பிள்ளைகளைக் காண்பது ஒரு நோக்கம்; தளர்ந்த உள்ளத்தைப் புனித நகரிலே புதுப்பித்துக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டும் முரணுமிடத்து எதற்கு முதன்மை அளித்தல் தகும்?

மேலோட்டமாக நோக்குமிடத்து இங்கு முரண்பாட்டுக்கே இடமில்லை எனலாம். ஆண்டுதோறும் மூன்று திருவிழாக்களின்போது எருசலேம் ஆலயத்துக்கு யாத்திரை செல்லுதல் பண்டை யூதரின் கடமையாக இருந்தது. கி.பி. 70இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தபின், பாஸ்கா வழிபாட்டின் மையம் இல்லத்து உணவு மேசைக்குப் பெயர்ந்தது. அவ்விரவில் வீட்டின் இளைய பிள்ளை வினாத் தொடுக்க, மூத்தோர் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தம் முன்னோர் விடுபட்ட வரலாற்றைக் கூறுவர். பேரனுக்குத் தோராவைக் கற்பிப்பவர் அதனைச் சீனாய் மலையிலேயே பெற்றவருக்கு ஒப்பாவார் என்பது தல்மூட்டின் கருத்து. ஆகவே, பேரப்பிள்ளைக்கு எடுத்துரைத்தலே வழிபாடாகிவிடுகின்றது.

ஆயினும், சிக்கல் மறுநாள் இரவிலே தோன்றுகின்றது. பண்டைக்காலத்தில் பிறை கண்ட சான்றுகளை ஏற்று நீதிச்சபையே மாதப் பிறப்பை அறிவித்தது. அச்செய்தி தொலைநாட்டு யூதருக்கு உரிய காலத்தில் எட்டாமையால், அவர்கள் ஐயத்தின் காரணமாகத் திருநாளை இரு நாட்கள் அனுட்டித்தனர். பின்னர் கணித முறையிலான நாட்காட்டி நிலைபெற்று ஐயம் நீங்கியது. எனினும், முன்னோர் வழக்கைக் கைவிடலாகாது என அறிஞர் விதித்தமையால் அவ்வழக்கு இன்றும் தொடர்கின்றது. மகளின் இல்லத்தில் பாஸ்கா விருந்து ஓரிரவோடு முடிந்துவிடும். மீண்டு செல்லவிருக்கும் தந்தையோ, பெரும்பாலான சட்ட அறிஞரின் தீர்ப்புப்படி, இரண்டாம் இரவிலும் அதனை நடத்துதல் வேண்டும். வந்த இடத்தின் முறையையே பின்பற்றலாம் எனச் சுவி அஷ்கெனாசி (மறைவு 1718) போன்ற சிலர் மாறுபட்டுரைத்தனர்.

காரணம் மறைந்தபின்னும் வழக்கைப் பேணி, மகளின் வீட்டிலேயே அந்நியராதல் அறமா? அன்பின்பொருட்டு அதனை விட்டுவிடுதல் எளிது. மாறுபட்ட தீர்ப்பொன்றும் துணைக்கு உண்டு. ஆனால் அவ்வழக்கு வெறும் நாட்கணக்கன்று. தொலைவில் வாழ்ந்தோரின் நினைவு அது. தமக்கும் மகளுக்கும் இடையேயுள்ள தொலைவை இல்லாததுபோலக் காட்டுவதால் அத்தொலைவு குறைந்துவிடாது. மறுதலையாக, மகளின் முறையைக் குறைகூறும் கருவியாகத் தம் ஒழுக்கத்தை அவர் ஆக்குவாராயின், அது பக்தியன்று, செருக்கேயாகும்.

அவர் தம் வழக்கைப் பேணட்டும். மகள் அதனைத் தனக்குரிய கடமையாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் அவர் அருகில் அமர்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. விருந்தோம்பலை இறைசந்நிதியை வரவேற்பதினும் உயர்ந்ததெனக் கொண்ட மரபன்றோ அது! நேற்று முடிந்ததைத் தாத்தா இன்று ஏன் மீண்டும் செய்கின்றார் என்று குழந்தை வினவலாம். அவ்வினா முதலிரவுக்கென வகுக்கப்பட்ட வினாக்களுள் இல்லை; அதற்கான விடையும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. தாம் எங்கிருந்து வந்தார், எதனைக் காத்தார், எதனை இழந்தார் என்பதை முதியவர் தம் வாழ்விலிருந்தே எடுத்துரைத்தல் வேண்டும்.

புனித நகரின் கற்களைத் தொட்டபோது அவர் தேடிய புத்துயிர்ப்பு, விடை சொல்ல முயலும் அந்த இரண்டாம் இரவிலேயே அவருக்குக் கிட்டக்கூடும். உறவும் ஒழுக்கமும் வேறுபடுமிடத்து ஒன்றை மற்றொன்றுக்குப் பலியிடாது, வேறுபாட்டைப் பிள்ளைகளின் முன்னிலையில் நேர்மையாக விளக்குவதே மூத்தோர்க்குரிய அறமெனக் கொள்ளலாம்.