கேளாமல் ஆட்டிய தலை

 

காது மந்தமான ஒருவன், எதிரில் நிற்பவர் சொன்னது விளங்காதபோது, "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிடுகிறான். அது பொய்யாகுமா, ஆகாதா? இஃது ஆலிம்கள் முன் வைக்க வேண்டிய மஸ்அலா என்று சிலர் எண்ணக்கூடும். நான் ஆலிம் அல்லன்; மதரஸாவில் சில ஆண்டுகளும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரையும் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன். பத்வா கொடுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஐந்தாறு வருஷ காலம் தலையாட்டியே வியாபாரம் செய்தவன் என்ற முறையில், அதனால் விளைந்ததைச் சொல்ல எனக்குக் கடமை உண்டு.

காது ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. பதினேழு வயதில் ஒரு மசாலா மில்லில் வேலைக்குச் சேர்ந்து, பன்னிரண்டு வருஷம் அரைவை இயந்திரங்களுக்கு நடுவே நின்றேன். காதை அடைத்துக்கொள் என்று சொல்வார் இல்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயதில் கேட்டிருப்பேனா என்பது சந்தேகமே. அல்லாஹுத்தஆலா நம் ஒவ்வோர் உட்செவியிலும் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்களை வைத்துப் படைத்திருக்கிறான். பேரிரைச்சல் அவற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக அழிக்கிறது. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அந்த அழிவிலும் ஒரு வரிசை உண்டு. கீச்சென்ற மெல்லிய ஓசைகளை வாங்கிக்கொள்பவை முதலில் போய்விடுகின்றன. ஆகையால் பேச்சின் சத்தம் கேட்கும், எழுத்து விளங்காது.

ஒருவர் "சோம்பு" என்று கேட்டால் என் காதில் "ஓம்" என்றுதான் விழும். ஓமத்தை நிறுத்துக் கொடுப்பேன். மலாய்க்காரப் பெண்மணி "சூசூ" என்று பால் டின் கேட்டால், அவர் வாயைப் பார்த்துவிட்டு அலமாரியைப் பார்த்து விழிப்பேன். ஸீனுக்கும் ஸாதுக்கும் மக்ரஜ் பிரித்து ஓதாவிட்டால் எங்கள் உஸ்தாதின் பிரம்பு பேசும். அப்படி ஓதிய நான், ரமலானில் தராவீஹ் தொழுகையில் நின்றுகொண்டு, இமாம் ஓதுவதைக் கேட்டேன். ஓதியது இன்னதென்று கேட்கவில்லை.

இவ்வியாதியின் சூழ்ச்சி என்னவெனில், நோயாளிக்குத் தன் மேல் சந்தேகம் வராது. ஊரார் எல்லாரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்றே எண்ணுவான். முதல் தடவை "என்ன?" என்று கேட்பான். இரண்டாம் தடவையும் கேட்பான். மூன்றாம் தடவை கேட்க வெட்கம் வந்துவிடும். அப்போதுதான் தலை ஆடத் தொடங்குகிறது.

நிற்க. என் கடை சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே ஒரு சிறு பட்டணத்தில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் முன்னாளில் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர், என் மாமா கடை நடத்திய காலந்தொட்டு நமது வாடிக்கை. பற்றில் சாமான் எடுப்பார். மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார். ஒரு நாள் சாமான் வாங்கிக்கொண்டு, "தம்பி, மகன் குடுத்த நூறு வெள்ளியைக் கழிச்சிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். என் காதில் "தம்பி" என்பதும் "வெள்ளி" என்பதும் விழுந்தன. இடையில் இருந்தது விழவில்லை. வழக்கம்போல் தலையை ஆட்டி, "ஆமாம்மா, எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

நான் அஸருக்குப் போயிருந்த நேரத்தில் அவர் மகன் வந்து பணம் கொடுத்ததும், கடைப்பையன் அதை மேசையறையில் போட்டுவிட்டுப் புத்தகத்தில் எழுத மறந்ததும் எனக்குத் தெரியாது. மாத முடிவில் முழுப் பாக்கியையும் கேட்டேன். "கழிச்சாச்சுன்னு சொன்னீங்களே தம்பி" என்றார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றேன். காது கேளாதவனுக்குத் தன் குரலின் அளவும் தெரியாது. நான் சாதாரணமாகச் சொன்னதாக எண்ணியது கடை முழுவதும் எதிரொலித்தது. நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் சொல்ற வயசா தம்பி எனக்கு?" என்று அவர் கேட்டது மட்டும், முகத்துக்கு நேரே சொன்னதால், தெளிவாக விளங்கியது. மடியில் இருந்த பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடை அடைக்கும் நேரத்தில் பையன் வந்து நின்றான். "முதலாளி, பணத்தை வாங்கினது நான்தான், எழுத மறந்துட்டேன். அந்தம்மா உங்ககிட்ட கேட்டாங்க. நீங்க தலையாட்டினீங்க" என்றான். அன்றிரவே அவர் வீட்டிற்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து மாப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "காது கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லுங்க தம்பி. அதுல என்ன இருக்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே அதில் என்ன இருக்கிறது?

சகோதரர்களே! விற்பவரின் ஈஜாபும் வாங்குபவரின் கபூலும் கூடியே வியாபாரம் ஆகிறது என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். இரு தரப்பாரும் பொருந்திக்கொண்டு நடத்தும் வியாபாரத்தையே சூரத்துன் நிஸா அனுமதிக்கிறது. ஒருவர் சொன்னது என்னவென்றே அறியாமல் மற்றவர் "சரி" என்றால், அங்கே பொருத்தம் ஏது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவுகின்ற சூரத்துல் பகராவின் 282 ஆவது ஆயத்துதான் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து. கணக்கைக் கைதான் எழுதுகிறது என்று நினைக்கிறோம். கைக்கு முன்னே காது சரியாக வாங்கியிருந்தால்தான் கை சரியாக எழுதும். தராசில் விரலை வைத்து அழுத்துபவனை மோசக்காரன் என்கிறோம். கேளாமல் தலையாட்டும் வியாபாரியும் தராசின் ஒரு தட்டில் ஏதோ ஒன்றை வைக்கிறான். அது என்னவென்று அவனுக்கே தெரியாது; அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்விடத்தில் ஹாத்திமுல் அஸம் (ரஹ்) அவர்களின் ஞாபகம் வருகிறது. ஷகீகுல் பல்கீ (ரஹ்) அவர்களின் சீடரான இப்பெரியார் ஹிஜ்ரி 237இல் மறைந்தார். 'அஸம்' என்றால் செவிடர் என்று பொருள். ஆனால் அவர் செவிடர் அல்லர் என்பதை நம்மில் பலர் அறிவர். ஒரு பெண்மணி மார்க்க விஷயம் கேட்க வந்த இடத்தில், தன்னையறியாமல் காற்றுப் பிரிந்து, நாணித் துடித்தார். ஹாத்திம் (ரஹ்) அவர்களோ, "சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது" என்றார்கள். இவர் காதில் ஒன்றும் விழவில்லை என்று அப்பெண்மணி ஆறுதல் அடைந்தார். அவருக்காக அதன்பின்னும் செவிடராகவே நடந்துகொண்டார்கள், அப்பெயரும் நிலைத்துவிட்டது.

பிறர் மானத்தைக் காக்கக் கேட்டும் கேளாதவர் அவர். என் மானத்தைக் காக்கக் கேளாமலே கேட்டவன் நான். அவர் பட்டப்பெயரைத் தாமே சுமந்துகொண்டு ஒரு பெண்ணின் வெட்கத்தை நீக்கினார். நான் பட்டப்பெயருக்கு அஞ்சி ஒரு பெண்ணை நாலு பேர் முன்னிலையில் பொய்யாக்கினேன். இரண்டும் வெளித்தோற்றத்தில் பாசாங்குதான். ஆனால் யாருடைய நன்மைக்காக என்று பார்த்தால் வானத்துக்கும் பூமிக்குமுள்ள தூரம். அமல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் அறிந்ததில்லை. அன்று முதல், கேள்வியாகத் தொடங்கியதற்கு என் மட்டில் விடை கிடைத்துவிட்டது: என் தலையாட்டு பொய்தான்.

அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டேன். சோதனைத் தாளில் கோடு, தடித்த ஓசைகளுக்கு மேலேயே நின்று, மெல்லிய ஓசைகள் வரும் இடத்தில் ஜெராய் மலைச்சரிவுபோல் இறங்கியது. இரு காதுக்கும் கருவி வேண்டும் என்றார்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லை. மூக்கில் கண்ணாடி போட்டவரைப் படித்தவர் என்கிறோம். காதில் கருவி போட்டவரைக் கிழவர் என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, செவிக்குறைவுக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படுவோர் உலகில் 43 கோடிப் பேர். இத்தனை பெரிய ஜமாஅத்தில் ஒருவனாக நிற்க எனக்கு மட்டும் என்ன வெட்கம்?

"அல்லாஹ் கொடுத்த சோதனை, ஸபுர் செய்வதே நன்று" என்றார் நண்பர் ஒருவர். ஸபுர் உயர்ந்ததுதான். ஆனால் எண்ணிப் பார்த்தால், அந்த ஸபுரை நான் செய்திருக்கவில்லை. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்ன என் மனைவியும், ஓமத்தைத் திரும்ப வாங்கிச் சோம்பைக் கொடுத்த பையன்களும், தவறான சாமானைச் சுமந்து திரும்பி வந்த வாடிக்கையாளர்களுமே செய்தார்கள். மருந்து இருக்கும்போது மருந்து தேடுவதும் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியே.

கருவி போட்ட முதல் நாளைக் குறித்து யாரும் ஏமாற வேண்டாம். கண்ணாடி போட்டதும் எழுத்துத் தெளிவது போன்றதன்று இது. என் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலித்தது. பிளாஸ்டிக் பை பிரிக்கும் சத்தம் காதைக் கிழித்தது. குளிர்ப்பெட்டி இரைகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பெருநாள் நெருக்கத்தில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், தட்டும் கரண்டியும் மனிதர் பேச்சைவிட ஓங்கி நிற்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிப்பது மூளையின் வேலை. பல வருஷம் அவ்வோசைகளைக் காணாத மூளை மறுபடி பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். இரண்டாம் நாளே கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுபவர் பலர். நானும் வைத்தேன். மறுநாள் அம்மூதாட்டி கடைக்கு வருவது கண்டு, ஓடிப்போய் எடுத்து மாட்டிக்கொண்டேன். பிறகு நாளொன்றுக்குச் சற்று நேரம் கூட்டிக் கூட்டிப் பழகினேன். ஒளுச் செய்யும்போதும் குளிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்திற்கு இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். போன உயிரணுக்கள் போனவையே. இருப்பவற்றை வைத்துக்கொண்டு எழுத்தை அறிய உதவுவதுதான் கருவி. இப்போதும் விளங்காவிட்டால், "காது மந்தம், இந்தப் பக்கமாக நின்று சொல்லுங்கள்" என்று நானே சொல்லிவிடுகிறேன். ஒருவர்கூடச் சிரித்ததில்லை.

கேள்வி திரும்பியபோது, அதனுடன் ஒரு பொறுப்பும் திரும்பியது. முன்பு கடையில் பேசும் புறம் என் காதில் விழாது. இப்போது யார் வீட்டு மருமகள், யார் மகனின் கடன் எல்லாம் சர்க்கரை நிறுக்கும் நேரத்தில் வந்து விழுகின்றன. செவியும் பார்வையும் இதயமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்பது பனீ இஸ்ராயீல் சூராவின் எச்சரிக்கை. கருவி வந்த முதல் வாரத்தில், என்னை வெகுகாலமாகப் பையன்கள் என்ன பெயரிட்டு அழைத்து வந்தார்கள் என்பதையும் கேட்டேன். ஹாத்திம் (ரஹ்) அவர்களை எண்ணி, கேளாதவனாகவே இருந்துவிட்டேன்.

கருவியை அணைக்க ஒரு சிறு பொத்தான் உண்டு. புறம் பேசும்போது அணைக்கலாம். ஆனால் விரல் வேறு சமயத்திலும் அதைத் தேடுகிறது: இல்லாதவர் தவணை கேட்கும்போது, வேலையாள் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது. நல்ல காதுள்ளவர்களே! இந்தப் பொத்தான் உங்களுக்கும் உண்டு. அது வெளியில் தெரிவதில்லை. ஆகையால் என்னைவிட நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும்.

மில்லும் பட்டறையும் வைத்திருக்கும் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. 2019 ஜூன் முதல் அமலில் உள்ள இரைச்சல் விதிகளின்படி, எட்டு மணி நேர வேலையில் தொழிலாளியின் காதுக்கு 85 டெசிபலுக்கு மேல் படலாகாது. 1989 ஆம் ஆண்டு விதிகளில் அது 90 ஆக இருந்தது. அளவுகருவி இல்லாவிடில், கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் இரைச்சல் அதிகம் என்று கொள்ளலாம். காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். கொடுத்தால் போதாது, போடச் சொல்லுங்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெர்க்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. ஆகவே பையன்கள் பெயரைப் பதிவு செய்து சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கும் நாம், அவர்கள் கொண்டு வந்த காதையும் பழுதின்றித் திருப்பி அனுப்ப வேண்டாமா?

காது மந்தமென்று ஐயமுள்ளவர்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் சொன்னால், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு எழுதி அனுப்புவார்கள். ஒரு ஜோடிக் கருவிக்குச் சில ஆயிரம் வெள்ளி பிடிக்கும். இயலாதவர்கள் சமூக நல இலாகாவிலும் ஸகாத் வாரியத்திலும் விசாரிக்கலாம். வசதியுள்ளவர்கள் தம் வீட்டு வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ வாங்கிக் கொடுப்பதோடு, அவர்கள் பழகும் வரை பக்கத்தில் இருந்து மெதுவாகப் பேசட்டும்.

எல்லாவற்றையும் கேட்பவனாகிய அல்லாஹ், கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கவும், கேட்டதற்கு உண்மையாகத் தலையசைக்கவும், கேளாததைக் கேளவில்லை என்று கூச்சமின்றிச் சொல்லவும் நம் யாவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.