ஆகாயத் தாமரையும் அதன் ஆதாரமும்

ஆகாயத் தாமரை என்ற பெயர் இருவேறு பொருள்களில் வழங்குகிறது. கோவையில் உக்கடம் பெரியகுளம் போன்ற நீர்நிலைகளை மூடிப் படரும் களைச்செடியை மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். தருக்க நூல்களிலோ அது இல்லாத பொருளைக் குறிக்கும். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகம், ஆகாயத் தாமரை மணக்கும் என்று வாதிப்பதைப் பிழையான அனுமானத்துக்குச் சான்றாகக் காட்டுகிறது. எதைப் பற்றி வாதமோ அந்தப் பொருளே இல்லாததால், அந்தக் குறைக்கு ஆசிரயாசித்தம் என்று பெயர். ஆசிரயம் என்றால் சார்ந்து நிற்கும் இடம்.

வானத்தில் பூ இல்லை என்பது தருக்கத்தின் முடிவு. ஆனால் மண்ணைத் தொடாமல் வளர்ந்து பூக்கும் செடிகள் இன்று வீட்டு வாசலிலும் பால்கனியிலும் தொங்குகின்றன. ஆதாரமின்றி ஓர் உயிர் இருக்க முடியுமா என்ற பழைய கேள்வியை அவை மீண்டும் எழுப்புகின்றன.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆகாச கருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டி நிலைவாசலில் தொங்கவிடுவார்கள். கண்திருஷ்டி அண்டாது, விஷப்பூச்சி வராது என்பது நம்பிக்கை. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது கொடிவிடும். கற்றாழையை வேர் மேலாகக் கட்டுவதும் உண்டு. அதுவும் மாதக்கணக்கில் வாடாது. உண்மையில் இவை காற்றை மட்டும் உண்டு வாழவில்லை. வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த கருடன் கிழங்கு, முன்பு மண்ணிலிருந்து சேர்த்த நீரையும் மாவுச்சத்தையும் செலவழித்தே தளிர்க்கிறது. கற்றாழை மடலில் தேக்கிய நீரால் தாக்குப்பிடிக்கிறது.

காற்றுத் தாவரம் என்று அழைக்கப்படும், அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட டிலாண்ட்சியாவின் வாழ்க்கை வேறு. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த இனத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பலவற்றுக்கு வேர் என்பது மரத்தையோ பாறையையோ பிடித்துக்கொள்ள மட்டுமே. இலை மேலுள்ள நுண்செதில்கள் மழையையும் பனியையும், அவற்றில் கரைந்த சத்துகளையும் உறிஞ்சுகின்றன. நீர் வீணாகாதிருக்க இலைத்துளைகள் பெரும்பாலும் இரவில் திறக்கின்றன.

வளர்ப்பு முறையும் இந்த இயல்பைத் தழுவியதே. வாரம் ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் நீரில் ஊறவைத்து, தலைகீழாக உதறிக் காயவிட வேண்டும். நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அழுகிவிடும். நேர்வெயில் படாத வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் இலை விரைவில் உலரும் என்பதால், கோவையில் இடையிடையே நீர் தெளிப்பது நல்லது. உப்பேறிய போர்வெல் தண்ணீர் செதில்களை அடைத்துவிடும், மழைநீரே சிறந்தது. செம்புக் கம்பியால் கட்டக் கூடாது, செம்பு இதற்கு நஞ்சு. பெரும்பாலான வகைகளில் ஒவ்வொரு செடியும் ஒருமுறைதான் பூக்கும். பிறகு பக்கக் கன்றுகளை விட்டுத் தாய்ச்செடி மடியும்.

மண்ணில் நிற்கும் மரமும் முழுக்க மண்ணால் ஆனதல்ல. வான் ஹெல்மான்ட் என்பவர் தொட்டியில் ஒரு வில்லோ மரத்தை 5 ஆண்டுகள் வளர்த்து நிறுத்துப் பார்த்தார். மரம் பல மடங்கு கனத்திருந்தது. மண்ணோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். 1648இல் அது நூலாக வெளிவந்தது. மரத்தின் உடலில் பெரும்பங்கு காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருவது பின்னால்தான் தெளிவானது. ஆலமரமும் ஒருவகையில் காற்றுத் தாவரமே.

ஆகவே மண்ணைத் துறந்தது என்பதால் ஒரு செடி சார்பைத் துறந்ததாகாது. இங்கே பற்று வேறு, சார்பு வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பற்று விடக்கூடியது, சார்பு உயிரின் இயல்பு. எதுவும் தானாகத் தோன்றுவதில்லை, ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று எழுகிறது என்பது பௌத்தம். மணிமேகலையின் இறுதிக் காதை பன்னிரண்டு நிதானங்களை, அதாவது ஒன்றையொன்று சார்ந்து எழும் காரணங்களை, வரிசையாக விளக்குவது இதற்காகவே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த சைவ சித்தாந்தம், உயிரைச் சார்ந்ததன் வண்ணமாகும் பொருள் என்கிறது. மலத்தைச் சார்ந்தால் இருள், சிவத்தைச் சார்ந்தால் ஒளி. ஒன்றையும் சாராத நிலை உயிருக்கு இல்லை. பௌத்தம் நிலையான ஆன்மாவை ஏற்காது, சித்தாந்தம் ஏற்கும். ஆனாலும் தனித்து நிற்கும் உயிர் இல்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. பெரியகுளத்து ஆகாயத் தாமரையும் நகரம் கழித்துவிடும் சாக்கடையின் சத்தைச் சார்ந்தே செழிக்கிறது.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. தொல்காப்பியம் மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று வகுக்கப்பட்டுள்ளன. அத்தகைய உயிரை மண்ணிலிருந்து எடுத்துக் கயிற்றில் கட்டுபவர், அதற்கு மண்ணாகவும் மழையாகவும் இருக்கும் பொறுப்பை ஏற்கிறார். வீட்டைக் காக்கும் என்று நம்பி வாசலில் கட்டிய கருடன் கிழங்கு, சேமிப்பு தீர்ந்து வற்றத் தொடங்கும்போது அதை மண்ணில் ஊன்றி நீர்விடுவதே முறை. காவலுக்கு நின்ற உயிரைக் காப்பதும் அந்த வீட்டின் அறம்.