பதின்மூன்றாம் மாதத்துக் கேள்வி

பிரிட்டனில் குடியேறும் இந்தியரோ இலங்கையரோ, சொந்த நாட்டில் வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் அங்கே கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு அது செல்லாது. கற்பவருக்கான தற்காலிக உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும். கெடுவின் கடைசி இரவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மோட்டார்வேயில் ஓட்டி வந்தவர், மறுநாள் காலை தெருமுனைக் கடைக்குப் போவதற்கே எல் போர்டு மாட்ட வேண்டும். 21 வயது நிறைந்த, மூன்று ஆண்டாவது லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். ஓர் இரவில் அவர் கை மறந்துவிடவில்லை, கண் மங்கிவிடவில்லை. ஓராண்டுப் பழக்கத்தில் அந்த ஊர்ச் சாலை இன்னும் நன்றாகவே பிடிபட்டிருக்கும். மாறியது சட்டத்தின் பார்வை மட்டுமே. இப்படிப்பட்ட சட்டம் மனிதரின் மனச்சாட்சியைக் கட்டுமா, பணப்பையை மட்டும் கட்டுமா என்பது பழைய கேள்வி.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மனிதச் சட்டங்களை இரண்டாகப் பிரித்தார். கொலை செய்யாதே என்பது போன்றவை இயற்கை அறத்திலிருந்து நேராகப் பிறப்பவை. மற்றவை, அறம் பொதுவாகச் சொன்னதற்கு ஓர் ஊர் தன் வசதிப்படி கொடுத்த உருவம். பிறர் உயிருக்கு ஊறு செய்யாதே என்பது அறம். இடப்பக்கம் ஓட்டு, 12 மாதத்துக்குள் தேர்வு எழுது என்பவை அதன் உருவங்கள். 12 என்ற எண்ணில் புனிதம் ஏதும் இல்லை, 10 என்றும் இருந்திருக்கலாம். ஆனால் ஏதோ ஓர் எண் வேண்டும். அது வகுக்கப்பட்டபின், அறம் அந்த ஊரில் அதன் வழியாகவே பேசுகிறது. நான்காம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து மிலான் வந்த மோனிக்கா, அங்கே சனிக்கிழமை நோன்பு இல்லாததைக் கண்டு குழம்பினார். அவர் மகன் அகஸ்டினிடம் ஆயர் அம்புரோஸ் சொன்ன விடை எளிமையானது: தாம் ரோமில் இருந்தால் சனிக்கிழமை நோன்பிருப்பதாகவும், மிலானில் இருந்தால் இருப்பதில்லை என்றும், போகும் ஊரின் வழக்கத்தைப் பின்பற்றும்படியும் சொன்னார்.

இதிலிருந்து தப்பும் வழியையும் இறையியலாளர்களே திறந்து வைத்தார்கள். சில சட்டங்கள் குற்றவுணர்வைக் கோருவதில்லை, தண்டனையை ஏற்கும் மனம் இருந்தால் போதும் என்ற கொள்கை அது. டொமினிக்கன் துறவியர் தம் சபை விதிகளை இப்படித்தான் கருதினார்கள். 1612இல் வெளிவந்த தம் சட்ட நூலில் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். பிடிபட்டால் அபராதம் கட்டிவிடுகிறேன் என்கிற ஓட்டுநர் அறியாமலே இந்தக் கொள்கையில்தான் நிற்கிறார். மடத்துக்குள் மௌனத்தைக் கலைத்த துறவிக்கு அது பொருந்தலாம், தவறும் தண்டனையும் அவரோடு முடிந்துவிடும். சாலையில் அப்படி முடிவதில்லை. செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. ஆபத்தைச் சுமந்ததோ, யாரும் அனுமதி கேட்காத ஒரு பாதசாரி. லைசென்ஸ் செல்லாதபோது காப்பீடும் பெரும்பாலும் ஆட்டம் காண்கிறது. காப்பீடில்லா ஓட்டுநரால் அடிபட்டவர்களுக்கு ஈடு தர 1946இல் அங்கே அமைக்கப்பட்ட மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ, ஒழுங்காகப் பிரீமியம் கட்டுபவர்களின் பணத்திலிருந்துதான் கடைசியில் கொடுக்கிறது. ஆகவே அபராதத்தோடு கணக்குத் தீர்ந்தது என்ற பேச்சு இங்கே எடுபடாது.

அப்படியானால் கடமை எங்கிருந்து வருகிறது? ஜான் லாக்கின் விடை பெரும்புகழ் பெற்றது. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் தடையின்றிப் போய்வருவதே அந்நாட்டின் ஆட்சிக்குச் சொல்லாமல் தரும் சம்மதம் என்றார். காலமெல்லாம் அங்கே வாழ்ந்தாலும் அதனால் அயலார் அந்தச் சமூகத்தின் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை என்றும் சேர்த்தார். 1748இல் டேவிட் ஹியூம் இதை மறுத்தார். தூங்கும்போது கப்பலில் தூக்கிவரப்பட்டவன், கடலில் குதிக்காமல் இருப்பதாலேயே கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்தவன் ஆகிவிடுவானா என்று கேட்டார். விசா வாங்கி, விமானம் ஏறி வந்தவருக்கு ஹியூமின் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. போரிலிருந்து உயிர்தப்பி வந்தவருக்கு முழுதாகப் பொருந்தும். ஆனால் சிவப்பு விளக்கில் இருவரும் ஒரே மாதிரிதான் நிற்க வேண்டும். சம்மதம் மட்டுமே அடித்தளம் ஆகாது என்பதற்கு இதுவே போதும்.

அயல் ஆட்சியின்கீழ் நீண்டகாலம் வாழ்ந்த யூத மரபும் இதையே வேறு வழியில் யோசித்தது. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த யூத அறிஞர் சாமுவேல், அரசின் சட்டமும் சட்டமே என்று விதித்தார். ஏன் என்பதில் பின்வந்தவர்கள் பிரிந்தார்கள். மக்கள் விரும்பி ஏற்றுக்கொண்டதால் என்றார் 12ஆம் நூற்றாண்டின் சாமுவேல் பென் மேயிர். நிலம் அரசனுடையது, கட்டளையை ஏற்காதவரை அவன் வெளியேற்றலாம், அதனால்தான் என்பது 14ஆம் நூற்றாண்டில் ரபி நிசீம் தந்த விளக்கம். இஸ்லாமியச் சட்ட மரபில் அயல்நாட்டுக்குள் பாதுகாப்பு வாக்குப் பெற்று நுழைபவர் அந்த வாக்குக்குத் துரோகம் செய்யலாகாது. விசாவை அத்தகைய உடன்படிக்கையாகக் காணும் இக்கால அறிஞர்கள் பலர்.

இன்று பலர் முதலில் எடுக்கும் வாதம் வாக்குரிமை. சட்டம் இயற்றுவதில் பங்கில்லாதவரை அது எப்படிக் கட்டும் என்பார்கள். பிரிட்டனின் நடைமுறை இந்த வாதத்தைக் கலைத்துவிடுகிறது. அங்கே முறையாக வசிக்கும் இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் குடிகள் என்பதால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் தம் லைசென்ஸைத் தேர்வின்றி மாற்றிக்கொள்ள முடியாது. ஜப்பானியருக்கு வாக்கு இல்லை. ஆனால் ஐந்து ஆண்டுக்குள் லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். 12 மாதக் கெடு இருவருக்கும் ஒன்றே. வாக்கும் சாலைக் கடமையும் வேறு வேறு வேரில் நிற்கின்றன.

அந்த இரண்டாவது வேர், எதிரே வரும் அந்நியர். கார் ஓட்டுவது முகம் தெரியாதவர்களோடு விடாமல் நடக்கும் பேச்சு; அதன் மொழி ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டுச் சாலையில் எதிர்வண்டி ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால், நான் வருகிறேன், நீ நில் என்று பொருள். பிரிட்டனில் நெடுஞ்சாலை விதிநூல் அதை இருப்பை அறிவிக்க மட்டுமே அனுமதிக்கிறது. வழக்கத்திலோ பெரும்பாலும் நீங்கள் போங்கள் என்று பொருள். ஒரே விளக்கு, நேர் எதிரான இரண்டு சொற்கள். நம் லாரிகளின் முதுகில் ஹார்ன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அங்கே ஊருக்குள் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஓடும் வண்டியிலிருந்து ஹார்ன் அடிக்கலாகாது. 2022 ஜனவரி முதல், திரும்பும் சாலையைக் கடக்கக் காத்திருப்பவருக்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். இருபது ஆண்டு ஓட்டிய கைக்கு இது தானாகத் தெரிந்துவிடாது. தெரிந்திருந்தாலும், ஜீப்ரா கிராசிங்கில் கால்வைக்கும் முதியவருக்கு அதை அறிய வழியில்லை. லைசென்ஸ் என்பது, தன்னைச் சோதித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு ஓட்டுநர் பொதுவில் கொடுக்கும் வாக்கு.

கெடுவின் பொருளும் இங்கேதான் துலங்குகிறது. 1795இல் இம்மானுவேல் காண்ட், வருகையாளரின் உரிமையையும் தங்கிவாழ்பவரின் நிலையையும் பிரித்தார். வந்துபோகிறவரின் பழைய வாக்கை ஊர் கொஞ்சகாலம் நம்பலாம். அண்டை வீட்டுக்காரர் ஆகிவிட்டவர் புதிய ஊருக்குப் புதிதாக வாக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த வாக்கு அரசையும் கட்டும். எந்த நாட்டு லைசென்ஸை மாற்றலாம் என்ற பட்டியல் நாடுகளை எடைபோடுகிறது, மனிதரை அல்ல. திறமையான ஓட்டுநருக்கு அது அநீதியாகவே படும், படுவது நியாயமும்கூட. தேர்வைக் கடமையாக்கும் அரசு, தேர்வுக்கு நாள் கிடைக்கும்படி செய்யவும் கடமைப்பட்டது. ஆனாலும் அரசின் குறை ஜீப்ரா கிராசிங்கில் நிற்கும் முதியவர்மேல் விழ நியாயமில்லை.

விலக்கு ஒன்று உண்டு. திடீர் ஆபத்தில், மேலிடத்தைக் கேட்க நேரமில்லாதபோது, தேவை தானே சட்டத்திலிருந்து விடுவிக்கும் என்றார் அக்குவினாஸ். பதின்மூன்றாம் மாதத்தில், ஆம்புலன்ஸ் வர வழியில்லாத இரவில், பிரசவ வலியில் துடிக்கும் மனைவியை மருத்துவமனைக்குத் தானே ஓட்டிச் செல்பவரை எந்த மரபும் பாவி என்னாது. ஆங்கிலேயச் சட்டமும் சூழ்நிலையின் நெருக்கடி என்ற குறுகிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த விலக்கு மருத்துவமனை வாசல்வரைதான். திரும்பி வருவதற்குப் பேருந்தோ டாக்சியோதான்.