வலியும் சாட்சியமும்

எலும்பு ஒட்டிக்கொண்டுவிட்டது, வலி போகவில்லை. முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகு பலர் வந்து சேரும் இடம் இது. நானும் அங்கேதான் இருக்கிறேன்.

1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸும் ஆல்பீயும் தனித்தனியே இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது அவர்கள் முன் இருந்தது காசநோய் அரித்த முதுகெலும்பு. சரிவைத் தடுக்க வேண்டியிருந்தது; எலும்பு ஒட்டினால் வெற்றி என்பதில் நியாயம் உண்டு. வலி தீரவே செய்துகொள்பவனுக்கு எது வெற்றி? எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது. வடுத் திசு, பக்கத்து மூட்டில் ஏறிய சுமை, நெடுநாள் வலியில் கூர்மையேறிவிட்ட நரம்பு மண்டலம் என்று காரணங்கள் பல. எது என்று பிரித்துச் சொல்லப் பல சமயம் முடிவதில்லை.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்கிறார்கள். ஆறு என்கிறேன். வங்கியில் வவுச்சர் இல்லாத தொகையை நான் கணக்கில் ஏற்றுவதில்லை. இந்த ஆறுக்கு வவுச்சர் கிடையாது.

ஆளுக்கொரு பெட்டி, உள்ளே ஒரு வண்டு, அடுத்தவன் பெட்டிக்குள் யாரும் பார்க்க முடியாது என்று விட்கென்ஸ்டைன் ஓர் உவமை சொல்கிறார் (நூல் வெளியானது 1953இல்). வலி என்ற சொல்லுக்கு அர்த்தம் பெட்டிக்குள்ளிருந்து வருவதில்லை, நமது பொதுப் புழக்கத்திலிருந்தே வருகிறது என்பது அவர் வாதம். அப்படியானால் அச்சொல்லின் நாணயம் எல்லோருடைய பொறுப்பு. நம் கவிதைகளிலோ சாயங்காலத்துக்கு வலிக்கிறது, ஜன்னலுக்கு வலிக்கிறது. இப்படிச் செலவழித்த சொல்லோடுதான் ஒருவன் டாக்டர் முன் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் திருத்தியது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பது அதன் குறிப்புகளில் ஒன்று. நிரூபணம் கிடைக்காத இடத்தில் விஞ்ஞானம் மரியாதையைக் கேட்கிறது. நம்புவது இங்கே அறிவின் காரியமல்ல, ஒழுக்கத்தின் காரியம்.

கேட்பவருக்கு மட்டுமல்ல, சொல்பவனுக்கும் இதில் கடமை உண்டு. எட்டு என்றால் கவனிப்பார்கள். நாலு என்றால் தைரியசாலி என்பார்கள். வலி மனிதனைப் பண்படுத்துகிறது என்ற ஆறுதலும் தயாராக இருக்கிறது. என்னை அது பண்படுத்தவில்லை, சிடுசிடுப்பாக்கியிருக்கிறது. வலியோடு காலந்தள்ளுவதில் நடைப் பயிற்சிக்கும் மாத்திரைக்கும் அவற்றின் பங்கு உண்டு. மிச்சம், ஆறை ஆறு என்றே சொல்லிக்கொண்டிருப்பது. நாளை அது ஐந்தானால், பரிவு குறையும் என்று தெரிந்தும், ஐந்து என்று சொல்வது.